இலையிலிருந்து வெண்பொடி வரை: இனிப்புத் தாவரச் சாறுகளைச் சுத்திகரிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனித்துளசி, அதிமதுரம், மாங்க் புரூட் (சீனாவின் இனிப்புப் பழம்) போன்ற இனிப்புத் தாவரங்களைச் சந்தைக்கு ஏற்ற பொருளாக மாற்ற முனைபவர்கள் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். பெரும்பாலானவை சீனித்துளசியைச் சுற்றியே இருக்கும். அந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவற்றுக்குப் பாதி வழி தெரிந்துவிடும்.

சீனித்துளசி இலையை வாயில போட்டாலே இனிக்குதே, அப்புறம் எதுக்குச் சுத்திகரிக்கணும்?

இலையில் இனிப்பு மட்டும் இல்லை. காய்ந்த இலையின் எடையில் சுமார் 10 சதவீதம்தான் இனிப்புப் பொருள். மீதியெல்லாம் நார், புரதம், உப்புகள், துவர்ப்பு தரும் பாலிபீனால்கள், நிறமிகள். இலையை மென்றால் முதலில் இனிப்பும், அடுத்து பச்சை வாடையும், கடைசியில் நாக்கில் ஒட்டும் துவர்ப்பும் வருவது அதனால்தான்.

ஒரு கோப்பைப் பானத்தில் இரண்டு இலை போடுபவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆயிரம் பாட்டிலிலும் ஒரே ருசி வேண்டும், ஆறு மாதமானாலும் நிறம் மாறக்கூடாது, அடியில் வண்டல் தங்கக்கூடாது என்று கேட்பவருக்கு இலைச்சாறு ஒத்துவராது. இலை மாறினால் சாறும் மாறிவிடும்.

ஸ்டீவியா, ஸ்டீவியோசைடு, ரெப் ஏ... எல்லாம் ஒண்ணுதானா?

ஸ்டீவியா என்பது செடி, நாம் சொல்லும் சீனித்துளசிதான். தாவரவியல் பெயர் ஸ்டீவியா ரெபாடியானா. பராகுவே பகுதியின் குவாரானி மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்தது. ஸ்டீவியோசைடு, ரெபாடியோசைடு ஏ (சுருக்கமாக ரெப் ஏ) போன்றவை அதன் இலையில் உள்ள இனிப்பு மூலக்கூறுகள். இந்தக் குடும்பம் முழுவதற்கும் ஸ்டீவியால் கிளைக்கோசைடுகள் என்று பெயர். ஸ்டீவியோசைடைத் தனியே பிரித்தெடுத்தவர்கள் பிரிடெல், லாவியெல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள். ஆண்டு 1931.

எல்லாவற்றுக்கும் ஒரே முதுகெலும்பு, ஸ்டீவியால். அதில் எத்தனை குளுக்கோஸ் தொங்குகிறது என்பதில்தான் வித்தியாசம். ஸ்டீவியோசைடில் மூன்று, ரெப் ஏ-யில் நான்கு, ரெப் டி-யில் ஐந்து, ரெப் எம்-மில் ஆறு. இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கசப்பு பற்றிய கேள்வியில் மறுபடியும் வரும்.

இலையை நல்லா காயவச்சு, பொடி பண்ணி, சலிச்சு விற்றா அதுவும் ஸ்டீவியா பொடிதானே?

பெயரளவில் ஆமாம். ஆனால் ஜெக்ஃபா எனப்படும் சர்வதேச உணவுச் சேர்க்கைப் பொருள் நிபுணர் குழு ஆய்வு செய்து ஏற்றுக்கொண்டது சுத்திகரிக்கப்பட்ட கிளைக்கோசைடுகளை. குறைந்தது 95 சதவீதம் தூய்மை இருக்க வேண்டும் என்பது அதன் வரையறை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் முழு இலையையும் கச்சா சாற்றையும் இனிப்பூட்டியாக ஏற்பதில்லை, உயர்தூய்மைப் பொருளுக்கு மட்டும் ஆட்சேபம் சொல்வதில்லை. எந்த நாட்டில் விற்கப்போகிறீர்களோ, அந்த நாட்டின் விதியைப் பார்த்துவிட்டு இயந்திரம் வாங்குங்கள். இயந்திரத்தை இறக்கிவிட்டு விதியைத் தேடியவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

மொத்த வேலையையும் வரிசையா ஒரு தடவை சொல்லிடுங்களேன்.

காய்ந்த இலையை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்துச் சாறு இறக்குவது முதல் வேலை. அடுத்து சுண்ணாம்பு போன்றவற்றைச் சேர்த்து அழுக்கைத் திரளவைத்து வடிகட்டுவது. தெளிந்த சாற்றை உறிஞ்சும் ரெசின் (நுண்துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் மணிகள்) நிரப்பிய தூண் வழியே விட்டால் இனிப்பு ரெசினில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரால் அலசியபின் ஆல்கஹால் கலந்த நீரை விட்டு அந்த இனிப்பைக் கழற்றி எடுக்க வேண்டும்.

அப்படிக் கிடைத்த திரவத்தில் மிச்சமிருக்கும் உப்பை அயனிப் பரிமாற்ற ரெசினும், மிச்ச நிறத்தைக் கரியும் எடுக்கும். பிறகு ஆல்கஹாலை ஆவியாக்கி மீட்டு, சுண்டவைத்து, படிகமாக்கியோ தெளித்துலர்த்தியோ பொடியாக்குவார்கள். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு வகை அழுக்குக்காக இருக்கிறது. எந்தப் படி எதை எடுக்கிறது என்று தெரியாமல் ஒன்றை விட்டுவிட்டால், அந்த அழுக்கு கடைசிப் பொடியில் வந்து நிற்கும்.

சாறு இறக்கத் தண்ணி நல்லதா, ஆல்கஹாலா?

என் தேர்வு வெந்நீர்தான். 50 முதல் 80 டிகிரி வரையான நீரில் கிளைக்கோசைடுகள் நன்றாகவே இறங்கும். இலையின் பச்சையம் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். அதனால் அடர்த்தியான ஆல்கஹாலில் ஊறவைத்தால் இனிப்போடு பச்சையையும் மெழுகையும் சேர்த்து இழுத்து வந்துவிடுவீர்கள், அதை எடுக்க இன்னொரு வேலை.

ஒரே தொட்டியில் நிறைய நீர் ஊற்றுவதைவிட எதிரோட்ட முறை மேல். புது நீர் ஏற்கனவே சாறு போன இலைமீதும், சாறேறிய நீர் புது இலைமீதும் படும்படி அமைப்பது. நீரும் மிச்சம், பின்னால் சுண்டவைக்கும் எரிபொருளும் மிச்சம். இலையை எடுக்கும்போதே தண்டை நீக்கிவிடுங்கள். தண்டில் இனிப்பு மிகக் குறைவு. மொட்டு விடும் பருவத்தில், பூ மலர்வதற்கு முன் அறுவடை செய்த இலையில் இனிப்பு கூடுதலாக இருக்கும்.

சாறு கருப்பு டீ மாதிரி வருது. கரியைக் கொஞ்சம் தாராளமாப் போட்டா வெளுத்துடாதா?

வெளுக்கும், கூடவே இனிப்பும் போய்விடும். ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் கரிக்கு நிறமி வேறு, கிளைக்கோசைடு வேறு என்று பார்க்கத் தெரியாது. இரண்டையும் பிடித்துக்கொள்ளும். பச்சைச் சாற்றில் கரியைக் கொட்டுவது, நீங்கள் இலையிலிருந்து இறக்கிய சரக்கை நீங்களே தொட்டியின் அடியில் புதைப்பது போல.

அந்தப் பழுப்பு நிறம் பெரும்பாலும் பாலிபீனால்கள் காற்றுபட்டு மாறியதால் வருவது. அதற்கு முதல் மருந்து சுண்ணாம்பு. சுண்ணாம்பு நீரோடு உணவுத்தரமான இரும்பு உப்பையோ அலுமினிய உப்பையோ சேர்த்தால் புரதமும் பாலிபீனாலும் பெக்டினும் திரண்டு கட்டியாகும். கண்ணாடிக் குவளையில் செய்து பாருங்கள். கலங்கிய சாற்றில் முதலில் மெல்லிய புகைபோல ஏதோ சுழலும், பிறகு கம்பளித் துணுக்குபோல் திரண்டு இறங்கும், மேலே இளம் தேன்நிறத்தில் தெளிவு நிற்கும். கரியின் முறை கடைசியில் வரும், அதுவும் சிறு அளவில்.

சுண்ணாம்பு எவ்வளவு போடணும்? கூடிப்போனா என்ன ஆகும்?

கைக்கணக்கில் போடாதீர்கள். அமில, கார அளவைக் காட்டும் பி.எச். மீட்டர் வைத்துக்கொண்டு போடுங்கள். சாற்றுக்குச் சாறு அழுக்கின் அளவு மாறும் என்பதால் ஒவ்வொரு லாட் இலைக்கும் சிறு குவளையில் முன்சோதனை செய்து அளவை முடிவு செய்வதுதான் சரி.

கூடினால் வரும் கேடு கண்ணுக்குத் தெரியாது. ரெப் ஏ-யின் நான்கு குளுக்கோஸில் ஒன்று மற்ற மூன்றைவிடப் பலவீனமான எஸ்டர் பிணைப்பில் தொங்குகிறது. காரம் மிகுந்து சூடும் சேர்ந்தால் அந்தப் பிணைப்பு அறுந்து ரெப் ஏ, ரெப் பி ஆகிவிடும். ஸ்டீவியோசைடு ஸ்டீவியால்பயோசைடு ஆகிவிடும். சாறு தெளிவாகத்தான் இருக்கும், வடிகட்டி அடைக்காது, எல்லாம் சரியாகப் போவதுபோலவே தோன்றும். ஆய்வறிக்கை வரும்போதுதான் தெரியும். காரத்தில் சாறு நிற்கும் நேரத்தைக் குறையுங்கள், ஆறவைத்துச் சேருங்கள், வேலை முடிந்ததும் நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள்.

ரெசின் ரெசின்னு சொல்றீங்க, அந்தத் தூணுக்குள்ள என்னதான் நடக்குது?

பாலிஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக்கால் ஆன சின்னஞ்சிறு மணிகள் அவை. மணல் பருமன்தான் இருக்கும். ஆனால் உள்ளே எண்ணற்ற நுண்துளைகள். ஒரு கிராம் மணிகளுக்குள் சில நூறு சதுர மீட்டர் பரப்பு மடங்கிக் கிடக்கிறது. கிளைக்கோசைடின் ஸ்டீவியால் பகுதி தண்ணீரை விரும்பாது, ரெசினின் பரப்பை விரும்பும், அதனால் போய் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரையும் உப்பும் தண்ணீரோடு இருக்கவே விரும்புவதால் நிற்காமல் வெளியேறும்.

சாறு இறங்கத் தொடங்கியதும் தூணின் மேல்பகுதி பழுப்பேறும், அந்தக் கோடு மெதுவாகக் கீழே நகரும். அடியில் வெளிவரும் நீரை அவ்வப்போது ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். முதலில் உப்புக் கரிப்பும் சப்பென்ற சுவையும்தான் இருக்கும். எப்போது இனிப்பு தட்டுகிறதோ அப்போது தூண் நிறைந்துவிட்டது என்று பொருள். சர்க்கரையைவிட 200 மடங்குக்கு மேல் இனிப்பதால், கருவி அறிக்கை தருவதற்கு முன்பே நாக்கு சொல்லிவிடும். இன்னொரு அடையாளமும் உண்டு. வெளிவரும் நீரைச் சோதனைக் குழாயில் குலுக்கினால் நுரை நிலைத்து நிற்கத் தொடங்கும், கிளைக்கோசைடுகள் நுரைக்கும் இயல்புடையவை. ருசி பார்ப்பது சாறு ஏற்றும் கட்டத்தில் மட்டும், அதுவும் எல்லாம் உணவுத்தரமாக இருந்தால் மட்டும். ஆல்கஹாலோ காரமோ ஓடும்போது வாய்க்கருகில் கொண்டுபோகவே கூடாது.

பிறகு அலசல். வெளிவரும் நீர் நிறமற்று, மின்கடத்தல் அளவி கிட்டத்தட்ட நல்ல தண்ணீரின் எண்ணைக் காட்டும்வரை அலசுங்கள். இதில் அவசரப்பட்டவர்களின் பொடியில்தான் சாம்பல், அதாவது எரித்தபின் மிஞ்சும் உப்பு, கூடுகிறது. கடைசியாக 60, 70 சதவீத எத்தனால் விட்டால் இனிப்பு கழன்று, அடர்த்தியாக ஒரே வீச்சில் வந்துவிடும்.

புது ரெசின்தான் போட்டேன். ஆனா ஆரம்பத்துலயே இனிப்பு வழிஞ்சு போகுது. ரெசின் மோசமா?

பெரும்பாலும் ரெசின்மேல் தப்பில்லை. தூணுக்குள் காற்று புகுந்திருக்கும். காற்றுக்குமிழி இருந்தால் சாறு மணிகளுக்குள் நுழையாமல் ஒரு ஓடை வகுத்துக்கொண்டு நேராக இறங்கிவிடும். ரெசினை எப்போதும் நீரில் மூழ்கவைத்தே நிரப்புங்கள், அடியிலிருந்து நீர் விட்டு மணிகளைத் தளர்த்தி மறுபடி படியவிடுங்கள். அடுத்த சந்தேகம் வேகம். மணிக்குள் ஊடுருவ நேரம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் ரெசினின் கனஅளவைப் போல ஒன்றிரண்டு மடங்கு சாறு என்று தொடங்கிப் பாருங்கள்.

மூன்றாவது, ஆல்கஹாலால் கழற்றியபின் தூணை நீரால் முழுக்க அலசாமல் அடுத்த சாற்றை ஏற்றியிருப்பீர்கள். மிச்ச ஆல்கஹால் இருக்கும்வரை ரெசின் எதையும் பிடிக்காது. புது ரெசினை முதல்முறை பயன்படுத்துமுன் எத்தனாலில் ஊறவைத்துக் கழுவுவதும் கட்டாயம். தயாரிப்பில் மிஞ்சிய வேதிப்பொருட்கள் அதில் இருக்கும், அவை உணவில் போகக்கூடாது.

அயனிப் பரிமாற்ற ரெசினும் இதுவும் ஒண்ணா?

பார்க்க ஒன்றுபோல் இருக்கும், வேலை வேறு. முன் சொன்னது இனிப்பைப் பிடித்து அழுக்கை விடும். அயனிப் பரிமாற்ற ரெசின் மின்னூட்டம் உள்ள உப்புகளையும் அமிலங்களையும் பிடித்து இனிப்பை விட்டுவிடும். கிளைக்கோசைடுக்கு மின்னூட்டம் இல்லாததால் அது தாராளமாகக் கடந்துவரும். நேரயனி, எதிரயனி என இரண்டு தூண்களும் வேண்டும். அதிக அமிலமாகவோ காரமாகவோ சரக்கு நெடுநேரம் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், காரணம் சுண்ணாம்புக் கேள்வியில் சொன்னதுதான்.

மெத்தனால் நல்லா வேலை செய்யுமாம். அதைப் போட்டா என்ன?

வேலை செய்யும் என்பது உண்மை. ஜெக்ஃபா விவரிக்கும் தயாரிப்பு முறையிலேயே மெத்தனாலில் படிகமாக்குவது இருக்கிறது, பொடியில் எச்சம் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற எல்லையோடு. எத்தனாலுக்கு எல்லை 5,000 மில்லிகிராம். இந்த இரண்டு எண்களுக்கு இடையே உள்ள தூரமே இரண்டும் உடலுக்கு எப்படிப்பட்டவை என்று சொல்லிவிடும். மெத்தனால் பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும்.

ஆவி கசியாத மூடிய கருவிகளும், எச்சத்தை அளக்கும் வசதியும், பயிற்சி பெற்ற ஆட்களும் இல்லாத இடத்தில் மெத்தனாலைத் தொடவே வேண்டாம் என்பேன். எத்தனாலையும் இலேசாக நினைக்காதீர்கள். 70 சதவீத எத்தனால்கூட 20 டிகிரிக்கும் குறைவான வெப்பநிலையிலேயே தீப்பற்றும் ஆவி தரும். சாதாரண சுவிட்சில் எழும் சிறு பொறி போதும். தீப்பொறி எழுப்பாத மின்சாதனங்கள், காற்றோட்டம், நில இணைப்பு எல்லாம் முதல்நாளே இருக்க வேண்டும்.

கஷ்டப்பட்டுப் படிகமாக்காம, நேரா ஸ்ப்ரே டிரையர்ல அடிச்சுட்டா போதாதா?

தெளித்துலர்த்தி தண்ணீரை மட்டுமே எடுக்கும். உள்ளே போன அழுக்கு அத்தனையும் பொடியாகி வெளியே வரும். படிகமாக்கல் அப்படியில்லை. ஒரே மாதிரி மூலக்கூறுகள் அடுக்காக அமர்ந்து படிகமாகும்போது, பொருந்தாதவை வெளியே தள்ளப்பட்டு, படிகம் போக மிஞ்சும் தாய்க்கரைசலில் தங்கிவிடும். ரெசின் தாண்டி வந்த கலவையிலிருந்து ரெப் ஏ-யை மட்டும் உயர்தூய்மைக்குக் கொண்டுபோக இதுதான் வழி.

ஆல்கஹாலுக்கும் நீருக்கும் உள்ள விகிதம், ஆறவைக்கும் வேகம், விதைப்படிகம் (படிகமாதலைத் தொடங்கிவைக்கப் போடும் சிறு படிகம்) ஆகிய மூன்றும் கைவந்தால் பாதி வெற்றி. அவசரமாகக் குளிரவைத்தால் பொடிப்பொடியாகத் திரண்டு அழுக்கையும் உள்ளே பூட்டிக்கொள்ளும். எல்லாப் பொருளுக்கும் படிகமாக்கல் தேவை என்று சொல்லமாட்டேன். பல கிளைக்கோசைடுகள் கலந்த 95 சதவீதப் பொருளே போதும் என்றால், நல்ல ரெசின் வேலையும் தெளித்துலர்த்தலும் சேர்ந்தே அந்த இலக்கைத் தொடலாம்.

100 கிலோ இலைக்கு எவ்வளவு பொடி கிடைக்கும்?

10 சதவீத இனிப்புள்ள இலை என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவோம். உள்ளே இருப்பது 10 கிலோ. சாறு இறக்கல், தெளியவைத்தல், ரெசின் மூன்றிலும் தலா 95 சதவீதம் மீண்டால் சுமார் 8.6 கிலோ. படிகமாக்கலில் 70 சதவீதம் கிடைத்தால் 6 கிலோ. மற்றது தாய்க்கரைசலில் இருக்கும். அதைக் கொட்டிவிடாமல் அடுத்த பேட்ச்சில் சேர்க்கலாம், அல்லது கலப்புத் தரமாக உலர்த்தலாம்.

இந்த எண்களை உங்கள் எண்களாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்குப் போடும் முறையைக் காட்டவே சொன்னேன். ஒவ்வொரு படியிலும் உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று அளந்து எழுதினால், இனிப்பு எங்கே தொலைகிறது என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

பொடி பால் மாதிரி வெள்ளையா வந்துடுச்சு. அப்போ சுத்தம்தானே?

இல்லை. இதை நான் பட்டே கற்றுக்கொண்டேன். ஒருமுறை எங்கள் பேட்ச் ஒன்று கண்ணைப் பறிக்கும் வெண்மையில் வந்தது. எல்லோரும் மகிழ்ந்தோம். சோதனையில் சாம்பல் எல்லையைத் தாண்டியிருந்தது. அயனித் தூணைப் புதுப்பிக்காமலே ஓட்டியிருக்கிறோம். உப்பும் வெள்ளைதானே, கண்ணுக்கு எப்படித் தெரியும்?

ஜெக்ஃபா கேட்பவை இவை: உலர் எடையில் 95 சதவீதத்துக்குக் குறையாத கிளைக்கோசைடுகள், சாம்பல் 1 சதவீதத்துக்குள், உலர்த்தும்போது எடை இழப்பு 6 சதவீதத்துக்குள், ஈயமும் ஆர்சனிக்கும் கிலோவுக்குத் தலா 1 மில்லிகிராமுக்குள், நூற்றில் ஒரு பங்குக் கரைசலின் பி.எச். 4.5 முதல் 7 வரை, கூடவே முன்சொன்ன கரைப்பான் எச்சங்கள். கிளைக்கோசைடை அளப்பது ஹெச்.பி.எல்.சி. என்ற கருவி. இந்த மூலக்கூறுகள் 210 நானோமீட்டர் புற ஊதா ஒளியை உறிஞ்சுவதை வைத்துக் கண்டுபிடிக்கும். பூச்சிமருந்து எச்சத்தையும் பாருங்கள். இலையில் சிறு அளவில் இருப்பதும் இந்த வழியில் செறிவாகிவிடலாம். தெளியவைக்க வாங்கும் இரும்பு உப்பு தொழிற்சாலைத் தரமாக இருந்தால் கன உலோகங்கள் அந்த வழியாகவும் நுழையும்.

97 சதவீதம் ரெப் ஏ வாங்கினேன், இன்னும் கசக்குதே? மூணு சதவீத அழுக்கா இவ்வளவு கசக்குது?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. பதில் பலருக்கு ஏமாற்றம் தரும்: கசப்பது அந்த மூலக்கூறேதான். நம் நாக்கின் கசப்பு உணர்விகளில் டி.ஏ.எஸ்.2.ஆர்.4, டி.ஏ.எஸ்.2.ஆர்.14 என்ற இரண்டை ஸ்டீவியால் கிளைக்கோசைடுகளே தூண்டுகின்றன. 100 சதவீதம் தூய்மையாக்கினாலும் அந்தக் கசப்பு போகாது. சுத்திகரிப்பால் எடுக்க முடிந்தது துவர்ப்பும் புல்வாடையும் உப்புக் கரிப்பும் மட்டுமே. அவை இன்னும் இருந்தால் உங்கள் வேலையில் குறை. பின்நாக்கில் நிற்கும் அதிமதுரம் போன்ற கசப்பு என்றால் அது பொருளின் குணம்.

இரண்டாவது கேள்வியில் சொன்ன குளுக்கோஸ் எண்ணிக்கை இங்கே வருகிறது. பொதுவாகக் குளுக்கோஸ் கூடக்கூடக் கசப்பு குறையும். ஸ்டீவியோசைடைவிட ரெப் ஏ மேல், ரெப் ஏ-யைவிட ரெப் டி, ரெப் எம் மேல். அளவும் முக்கியம். ரெப் ஏ-யை மட்டும் வைத்துக்கொண்டு பத்து சதவீதச் சர்க்கரைக் கரைசலின் இனிப்பைத் தாண்ட முயன்றால் இனிப்பு ஏறாமல் நின்றுவிடும், கசப்பு மட்டும் ஏறும். அதனால்தான் அனுபவசாலிகள் வேறோர் இனிப்போடு கலந்து பயன்படுத்துகிறார்கள்.

அப்போ ரெப் எம் மட்டும் பிரிச்சு எடுத்துடலாமே?

வழக்கமான இலையில் அது மிகச் சொற்பம். அதை மட்டும் இலையிலிருந்து பிரிப்பது மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பதுதான். அதனால் இரண்டு வேறு வழிகள் வந்தன. இலையிலிருந்து எடுத்த ரெப் ஏ-யில் நொதிகளைக் கொண்டு கூடுதல் குளுக்கோஸை ஒட்டவைப்பது ஒன்று. மாற்றியமைத்த ஈஸ்ட்டைச் சர்க்கரையில் வளர்த்து நொதித்தல் மூலம் உண்டாக்குவது மற்றொன்று. ஜெக்ஃபா 2019-இல் இவற்றைத் தனித்தனியே வகைப்படுத்தியது. உணவுச் சேர்க்கைப் பொருளுக்கான சர்வதேச எண்ணில் இலைச்சாறு 960ஏ, நொதித்தல் 960பி, நொதி மாற்றம் 960சி, குளுக்கோஸ் ஏற்றியவை 960டி. வாங்கும்போது எந்த எழுத்து என்று கேளுங்கள்.

இவ்வளவு ரசாயனம் போட்டுட்டு "இயற்கை"ன்னு எப்படிச் சொல்றீங்க?

நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. சுண்ணாம்பும் ரெசினும் எத்தனாலும் பிரிக்கும் கருவிகள். சரியாகச் செய்தால் இலைக்குள் இருந்த அதே மூலக்கூறுதான் வெளியே வருகிறது, புதிதாக எதுவும் உருவாவதில்லை. அந்தப் பொருளில் 960ஏ வகை தாவரத்திலிருந்து பெற்றது என்று மனசாட்சியோடு சொல்லலாம். நொதியால் குளுக்கோஸ் ஒட்டியதையும் அதே மூச்சில் "இலையிலிருந்து நேராக" என்று எழுதினால் அது பொய்.

என் கருத்து, பெட்டியின் மேல் "இயற்கை" என்று மட்டும் எழுதுவதைவிட எந்தச் செடி, எந்த முறை, எத்தனை சதவீதம் என்று எழுதுவதே வாங்குபவருக்குச் செய்யும் மரியாதை.

ஒருத்தர் ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடலாம்? லேபிள்ல "ஸ்டீவியால் சமானம்"னு போட்டிருக்கே, அது என்ன?

பெருங்குடல் நுண்ணுயிர்கள் எல்லாக் கிளைக்கோசைடுகளின் குளுக்கோஸையும் கழற்றிவிடும். கடைசியில் உடலுக்குள் போவது ஸ்டீவியால் மட்டும். அதனால் எல்லை அதில் சொல்லப்படுகிறது. ஜெக்ஃபா 2008-இல் வகுத்தது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் வரை.

60 கிலோ எடையுள்ளவருக்கு 240 மில்லிகிராம் ஸ்டீவியால். ரெப் ஏ-யின் எடையில் ஸ்டீவியால் பங்கு 0.33. ஆக ரெப் ஏ-யாக ஏறத்தாழ 730 மில்லிகிராம். 250 மடங்கு இனிப்பு என்று கொண்டால் 180 கிராம் சர்க்கரைக்குச் சமம்.

ஒரு சின்னப் பொட்டலத்துல பொடி நிறைய இருக்கே, அவ்வளவும் ஸ்டீவியாவா?

இல்லை. பத்து கிராம் சர்க்கரையின் இனிப்புக்கு 40 மில்லிகிராம் போதும், அதைக் கையால் கிள்ளியெடுக்கவே முடியாது. எரித்ரிட்டால், டெக்ஸ்ட்ரோஸ், இனுலின் போன்ற ஒன்றோடு கலந்துதான் விற்பார்கள். கலப்பவர் கவனிக்க வேண்டியது சீர்மை. துகள் பருமன் பொருந்தாவிட்டால் பெட்டி குலுங்கும்போதே இரண்டும் பிரிந்துவிடும்.

இதே தூண்ல மாங்க் புரூட்டும் அதிமதுரமும் ஓட்டலாமா?

மாங்க் புரூட்டுக்குக் கிட்டத்தட்ட இதே வழிதான். அதன் இனிப்பு மோக்ரோசைடு வி, அதுவும் ரெசினில் ஒட்டி ஆல்கஹாலில் கழலும். ஆனால் அது பழம். சர்க்கரையும் பெக்டினும் புரதமும் நிறைய. அதிகம் சூடாக்கினால் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுப்பேறி, வெந்த வாடை ஒட்டிக்கொள்ளும். பழுக்காத காயை வாங்கிவிடாதீர்கள், அதில் குளுக்கோஸ் குறைந்த கசப்பு மோக்ரோசைடுகளே மேலோங்கியிருக்கும்.

அதிமதுரம் வேறு கதை. அதன் கிளிசிரைசின் ஓர் அமிலம். சாற்றின் பி.எச்.-ஐ இறக்கினால் தானே வீழ்படிவாகும், வடித்தெடுத்து அம்மோனியாவால் கரைத்து மேலே தூய்மையாக்குவார்கள். அதைத் தாராளமாகப் புழங்க முடியாது. தொடர்ந்து அதிகம் உண்டால் உடலில் பொட்டாசியம் இறங்கி ரத்த அழுத்தம் ஏறும். எவ்வளவு தூய்மையாக்கினாலும் இந்தக் குணம் மாறாது, குணமே அந்த மூலக்கூறினுடையது. ஒரே தூணில் மாற்றி மாற்றி ஓட்டவும் வேண்டாம், ஒன்றின் வாடை மற்றதில் ஏறும்.

தாமட்டின்னு ஒண்ணு இருக்காமே, அதுக்கும் ஆல்கஹாலா?

அது மேற்கு ஆப்பிரிக்காவின் கட்டெம்பே பழத்தில் உள்ள ஒரு புரதம், சர்க்கரையைவிட 2,000 மடங்குக்கு மேல் இனிக்கும். புரதம் என்பதால் இதன் வழி சவ்வு வடிகட்டல். நீரில் இறக்கி, நுண்சவ்வில் விட்டால் சர்க்கரையும் உப்பும் கடந்துபோகும், பெரிய மூலக்கூறான தாமட்டின் தங்கும்.

அந்தச் சவ்வையே சீனித்துளசிக்கும் போட்டா ரெசினே வேண்டாமே?

பாதிவரை உதவும். பெரிய துளைச் சவ்வு புரதத்தையும் பெக்டினையும் நிறுத்தி இனிப்பை விடும். மிகச் சிறு துளைச் சவ்வு இனிப்பை நிறுத்தி உப்பையும் நீரையும் விடும், சூடில்லாமலே சாறு செறிவாகும். சுண்ணாம்பின் அளவையும் சுண்டவைக்கும் செலவையும் இப்படிக் குறைக்கலாம். ஆனால் பாலிபீனால்களில் பலவற்றின் பருமன் கிளைக்கோசைடுக்கு நெருக்கமானது. பருமனை மட்டும் பார்க்கும் சவ்வால் அவற்றைப் பிரிக்க முடியாது. சவ்வை முன்னே வைத்து ரெசினைப் பின்னே வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பேரீச்சைப் பாகு, கரும்புச் சாறு இதெல்லாம் சுத்திகரிக்க இந்த முறை ஆகுமா?

தலைகீழாக யோசிக்க வேண்டும். அங்கே இனிப்பே சர்க்கரைதான், அது ரெசினில் ஒட்டாது. எனவே இனிப்பு கடந்துபோக, நிறமும் அழுக்கும் ரெசினிலோ கரியிலோ தங்கும்படி அமைப்பார்கள். சுண்ணாம்பால் தெளியவைப்பது மட்டும் இரண்டுக்கும் பொது. பாகுகளில் முழுக்க வெளுப்பது லட்சியமாக இருக்கத் தேவையில்லை. அந்த நிறத்தோடும் மணத்தோடும்தான் மக்கள் அவற்றை விரும்புகிறார்கள்.

பானத்துல நல்லா கரைஞ்சுது. ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா அடியில வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்கு. கலப்படமா?

கலப்படம் இல்லாமலும் இது நடக்கும். தெளித்துலர்த்திய பொடி ஒழுங்கற்ற அமைப்புடையது, தன் உண்மையான கரைதிறனுக்கும் மேலாகவே கரைந்துவிடும். பிறகு நிதானமாக, நீரைச் சேர்த்துக்கொண்ட படிகமாகத் திரும்பி அடியில் அமரும். செறிவான சிரப் செய்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. ரெப் டி, ரெப் எம் இன்னும் குறைவாகக் கரைபவை. அந்தப் படிவை எடுத்து வெந்நீரில் போட்டு ருசியுங்கள். கரைந்து இனித்தால் உங்கள் சரக்கேதான். செறிவைக் குறையுங்கள், அல்லது பல கிளைக்கோசைடுகள் கலந்த தரத்துக்கு மாறுங்கள், கலவை அவ்வளவு எளிதில் படிகமாகாது.

எல்லா எண்ணும் சரியா இருக்கு, ஆனா பேட்ச்சுக்குப் பேட்ச் ருசி மாறுதுன்னு வாங்குறவங்க சொல்றாங்க. எங்கே தேடறது?

"மொத்தம் 95 சதவீதம்" என்ற ஒற்றை எண்ணுக்குப் பின்னால் தேடுங்கள். ஒரு பேட்ச்சில் ரெப் ஏ 60, ஸ்டீவியோசைடு 30 இருக்கலாம். அடுத்ததில் அது புரண்டிருக்கலாம். இரண்டுமே 95-ஐத் தொடும், நாக்கில் ஒன்றாக இருக்காது. அறிக்கையில் ஒவ்வொரு கிளைக்கோசைடின் அளவையும் தனித்தனியே வாங்குங்கள். ரெப் பி வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் சுண்ணாம்புத் தொட்டிக்குப் போங்கள். எல்லாம் ஒன்றாக இருந்தும் புல்வாடை மட்டும் வருகிறது என்றால், ரெசின் கிழடாகிவிட்டதா, காரநீர் விட்டுப் புதுப்பித்து எத்தனை சுழற்சி ஆயிற்று என்று பாருங்கள்.

ஒவ்வொரு பேட்ச்சிலும் சிறு பாட்டில் ஒன்றை இலை லாட் எண்ணோடு எடுத்துவையுங்கள். புகார் வரும் நாளில் பழையதையும் புதியதையும் ஒரே அளவில் ஒரே தண்ணீரில் கரைத்து, எது எது என்று தெரியாத மூவரிடம் கொடுங்கள். மூவரும் ஒன்றையே ருசி குறைந்ததாகச் சுட்டினால் வாங்குபவர் சொன்னது உண்மையாக இருக்கலாம், அந்த லாட் இலையிலிருந்து தேடத் தொடங்குங்கள்.